பார்த்தால் வருமா... படித்தால் வருமா?

'மாப்ளே, பைத்தான் கத்துக்கலாம்னு இருக்கேன். புஸ்தகம் வாங்கவா, வீடியோ பாக்கவா?'

இந்தக் கேள்வியை இலுப்பூர் டீக்கடை ஒன்றில் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் இருந்தால் மூன்று பேர், 'எல்லாம் யூ டியூபுல கெடக்குடா' என்பார்கள். நாலாவது ஆள் டீக்குக் காசு கொடுக்காமல் நழுவுகிற ஆசாமி. அவரை விட்டுவிடலாம்.

கேள்வி சின்னதுதான். மாட்டிக் கொண்டிருக்கும் விஷயம் பெரிசு. பகலெல்லாம் புதுக்கோட்டையில் கணக்கு எழுதிவிட்டு, அல்லது விராலிமலைப் பக்கம் ஷிஃப்ட் முடித்துவிட்டு, அன்னவாசல் ரோட்டில் பஸ் குலுங்கி வீடு வந்து சேர்கிற இளைஞருக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அதுதான் அவர் மூலதனம். அதைத் தப்பான இடத்தில் மூன்று மாதம் போட்டால் நஷ்டம் மூன்று மாதத்தோடு நிற்காது. 'நமக்கெல்லாம் இது வராதுப்பா' என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். கம்ப்யூட்டர் படிப்பைக் கைவிட்ட பலர் புத்தி போதாமல் விட்டவர்கள் இல்லை. அறுபது வீடியோ பார்த்து முடித்த பிறகு ஒரு வெற்றுத் திரை முன்னால் உட்கார்ந்து, முதல் வரியே வராமல் மிரண்டு போனவர்கள்.

அறுபது வீடியோ பார்த்தவருக்கு ஏன் ஒரு வரி வரவில்லை?

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டஸ், எட் ஓப்ரையன் என்ற இரண்டு பேர் 2018-ல் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். மேஜை மேலே தட்டு, டம்ளர் எல்லாம் இருக்க, அடியில் விரித்திருக்கும் துணியை மட்டும் வெடுக்கென்று உருவும் வித்தை தெரியுமில்லையா? அந்த வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவை காட்டினார்கள். சிலருக்கு இருபது தடவை. இருபது தடவை பார்த்தவர்கள், 'ப்பூ, இவ்வளவுதானா! நானே செய்வேன்' என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக், ஈட்டி மாதிரி குட்டி அம்பு எறியும் விளையாட்டு என்று மற்ற வித்தைகளிலும் இதே கதை. சரி, செய்து காட்டுங்கள் என்றால்? திரும்பத் திரும்பப் பார்த்ததால் நம்பிக்கை ஏறியதே தவிர, கால் ஒரு அங்குலம்கூட ஒழுங்காக வழுக்கவில்லை. பிரபுதேவா பாட்டை நூறு தடவை பார்த்த நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல சிகாகோ தேவையில்லை. கல்யாண வீட்டு வீடியோ கேசட்டுகளே போதும்!

இன்னொரு சங்கதியும் அந்த ஆராய்ச்சியில் உண்டு. பந்துக்குப் பதிலாக மரக்கட்டைகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தையை வீடியோவில் காட்டிவிட்டு, சிலருக்கு அந்தக் கட்டையைக் கொஞ்ச நேரம் கையில் கொடுத்தார்கள். போட்டுப் பிடிக்கச் சொல்லவில்லை, சும்மா பிடித்துக் கொண்டிருந்தால் போதும். கனம் கையில் இறங்கியதும் நம்பிக்கையும் இறங்கியது. மயக்கம் தெளிந்துவிட்டது.

புரோகிராமிங் வீடியோவில் நடப்பது இதேதான். சொல்லித் தருகிறவர் நல்ல மனிதர். அழகான தமிழ். பின்னால் நீல விளக்கு. தடதடவென்று டைப் அடிக்கிறார், ரன் கொடுக்கிறார், விடை வந்து விழுகிறது. நமக்கு எல்லாம் புரிகிறது. புரிகிறது என்பதுதான் வில்லங்கமே. அவருக்குத் தெரிந்தது நமக்குப் புரிகிறது. அவ்வளவுதான்.

ஒரு சின்ன உதாரணம். ஏழாம் வாய்ப்பாடு அச்சிட பைத்தானில் ஒரு புரோகிராம். 'ஃபார்' என்று ஒரு வரி போட்டு, 'ரேஞ்ச்' என்பதற்குள் 1, 11 என்று இரண்டு எண்களை வீடியோக்காரர் அடிக்கிறார். ஏழொன்று ஏழில் ஆரம்பித்து எழுபதில் முடிகிறது. ஆகா! இப்போது வீடியோவை மூடிவிட்டு நீங்களே அடித்துப் பாருங்கள். வாய்ப்பாடு ஒன்றிலிருந்து பத்து வரைதானே? நியாயமாக 1, 10 என்று போடுவீர்கள். ரன் கொடுத்தால் அறுபத்து மூன்றோடு நின்றுவிடும்.

எழுபது எங்கே?

அந்த எழுபதைத் தேடும் பத்து நிமிஷம் இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் கற்றுக் கொள்வது. 'ரேஞ்ச்' இரண்டாவது எண்ணைத் தொடாது, அதற்கு முன்னாலேயே நின்றுவிடும் என்ற விஷயம் அதற்குப் பிறகு உயிர் உள்ளவரை மறக்காது. வீடியோவில் அவர் 11 என்று அடித்தபோது உங்கள் கண் அதைப் பார்த்தது. ஏன் 11 என்று மனசு கேட்கவில்லை. கேட்பதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

'அப்போ புத்தகம்தான் நல்லதுன்னு சொல்லுங்க, போயிட்டு வர்றேன்' என்று கிளம்பாதீர்கள் பாஸ். புத்தகத்திலும் இதே மயக்கம் உண்டு. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல்காரர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு கோஷ்டி அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கோஷ்டி படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துப் பரீட்சை வைத்தால் திரும்பப் படித்த கோஷ்டிக்கு ஜெயம். ஒரு வாரம் கழித்து வைத்தால் ஆட்டம் தலைகீழ். மூடி வைத்து எழுதியவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஆக, பஸ்ஸில் புத்தகத்தை விரித்து மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வருவதும் ஒருவகை சினிமாதான்.

இந்த விஷயத்தில் நம் புதுக்கோட்டை ஜில்லா நாட்டுக்கே பாடம் நடத்தியிருக்கிறது. ரொம்பப் பேருக்கு மறந்து போச்சு. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் சூடு பிடித்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம். கிராமம் கிராமமாகக் கலைப்பயணக் குழுக்கள் போயின. வீதி நாடகம், பாட்டு, ஆட்டம். ஜனம் கூடியது. நாடகத்தைப் பார்த்த யாருக்காவது அன்றைக்கே 'அ' எழுத வந்ததா? வரவில்லை. ஆனால் நாடகம் இல்லாவிட்டால் மறுநாள் ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் அறிவொளி வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருப்பார்களா என்பது சந்தேகம். கூட்டி வந்தது ஆட்டம் பாட்டு. கற்றுக் கொடுத்தது கையில் பிடித்த சிலேட்டு.

அதோடு சேர்ந்து சைக்கிளும் வந்தது. எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், டீச்சர்கள், நர்சுகள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டியவர்கள் உண்டு. பத்திரிகையாளர் சாய்நாத் இங்கே வந்து பார்த்துவிட்டு இதை எழுதினார். உலகத்துக்கே தெரிந்தது. சைக்கிள் ஓட்டுவது எப்படி என்று புத்தகம் படித்து ஓட்டியவர்கள் அவர்களில் ஒருவரும் இல்லை. அடுத்தவர் ஓட்டுவதை வேடிக்கை பார்த்து ஓட்டியவர்களும் இல்லை. முட்டி தேய்ந்துதான் வந்தது.

சரி, முட்டி தேயத்தான் வேண்டும். ஆனால் முதலில் எங்கே ஏறுவது என்று ஒருவர் சொல்ல வேண்டுமே, அது எழுத்தா, படமா?

என் ஓட்டு எழுத்துக்கு. அதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம்.

நம் பையன்கள் வீடியோ பக்கம் சாய்வதற்கு முக்கியமான காரணம் சோம்பேறித்தனம் இல்லை. இங்கிலீஷ். தமிழ் மீடியத்தில் படித்து, டிகிரியையும் அப்படி இப்படி முடித்தவருக்கு இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு பக்கம் தாண்டுவது பிரான்மலை ஏறுவது மாதிரி. வீடியோவில் ஒருவர், 'இப்ப என்ன பண்றோம்னா...' என்று தோளில் கை போட்டுத் தமிழில் பேசினால் மனசு அங்கேதான் போகும். இதைக் கேவலமாகப் பேசுகிற இங்கிலீஷ் மீடியம் ஆசாமிகளை நான் லட்சியம் செய்வதில்லை. தாய்மொழியில் கேட்டால் சீக்கிரம் பிடிபடும், சத்தியமான வார்த்தை.

ஆனால் புரோகிராமர் வேலை என்றால் என்னவென்று பாருங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் பிறத்தியார் எழுதி வைத்த புரோகிராமைப் படிக்கச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் தப்பு என்று சொன்னால் இங்கிலீஷ் எழுத்தில்தான் சொல்லும். பைத்தானின் அதிகாரபூர்வமான விளக்கம் எழுத்தில்தான் இருக்கிறது. எழுதுகிற நேரத்தைவிடப் படிக்கிற நேரம் அதிகமாகப் பிடிக்கும் உத்தியோகம் இது. ஒரு வருஷம் வீடியோ மட்டும் பார்த்தால் இங்கிலீஷைத் தள்ளி வைத்தோமே தவிர, தாண்டிவிடவில்லை. இன்டர்வியூவில் வந்து எதிரே உட்கார்ந்து கொள்ளும்.

நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. தமிழில் எழுதப்பட்ட கம்ப்யூட்டர் புத்தகங்கள். 2012-ல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழைச் சேர்ந்தவர்கள் இதை ஒரு வேள்வி மாதிரி செய்து வருகிறார்கள். து.நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசையில் மை எஸ்.க்யூ.எல்., எச்.டி.எம்.எல்., லினக்ஸ் எல்லாம் உண்டு. காலணா செலவில்லாமல் டவுன்லோடு செய்து கொள்ளலாம். கட்டளைகள் இங்கிலீஷில், விளக்கம் தமிழில். இப்படி ஒரு புத்தகத்தைக் கையில் அடித்து முடித்தவருக்கு, அதே விஷயத்தை இங்கிலீஷில் படிக்கும்போது பாதி வார்த்தைகள் பழைய சிநேகிதர்களாக இருக்கும். பிரான்மலை கொஞ்சம் குட்டையாகிவிடும்.

எழுத்துக்கு இன்னொரு சௌகரியம். தேடலாம். 'அந்த ரேஞ்ச் சமாசாரம் எங்கே வந்தது?' என்றால் புத்தகத்தில் ஒரு நொடி. வீடியோவிலா? பழைய டேப் ரிக்கார்டரில் பாட்டுத் தேடினது ஞாபகம் இருக்கிறதா? முன்னே ஓட்டி, பின்னே ஓட்டி, கடைசியில் பாட்டே வேண்டாம் என்று ஆகிவிடுமே... அது.

வீடியோ சீக்கிரம் பழசாகியும் போகும். பைத்தானின் இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு ஆயுசு முடிந்தது. அதில் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டாம். மூன்றாம் பதிப்பில் கட்டாயம். பழைய வீடியோவைப் பார்த்து அப்படியே அடித்தால் முதல் வரியிலேயே திட்டு விழும். புத்தகத்திலும் இந்தக் கோளாறு உண்டு. ஆனால் இணையத்தில் உள்ள எழுத்தில் ஒரு வரியைத் திருத்தி விடலாம். வீடியோவில் ஒரு வரியைத் திருத்த அந்த மனுஷர் மறுபடி சட்டை மாற்றி உட்கார வேண்டும்.

(இலுப்பூரிலிருந்து அன்னவாசலைத் தாண்டினால் சித்தன்னவாசல். அங்கே தாமரைக் குளத்து ஓவியம் வெகுவாக மங்கிவிட்டது. அதே மலையில் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கையில் பொறித்த தமிழி எழுத்து இரண்டாயிரம் வருஷமாக அசையாமல் இருக்கிறது. இதை வைத்தே எழுத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட ஆசைதான். ஆனால் டிக்கெட் வாங்குகிற ஜனம் போவது ஓவியத்தைப் பார்க்கத்தான் என்பதால் பேசாமல் இருக்கிறேன்.)

வீடியோவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சில காரியங்களை எழுத்தில் சொன்னால் உயிரை வாங்கும். பைத்தானைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி, எந்தக் கட்டத்தில் டிக் போடுவது, எந்தப் பட்டனைத் தட்டினால் புரோகிராம் வரி வரியாக நின்று ஓடும்... இதையெல்லாம் இரண்டு நிமிஷம் காட்டினால் முடிந்தது. அனுபவசாலி ஒருவர் தப்பு வந்ததும் எப்படி முழிக்கிறார், எங்கே முதலில் பார்க்கிறார் என்பதும் பார்த்துத்தான் தெரியும். தப்பே வராத வீடியோவைவிடத் தப்பு வந்து தலையைச் சொறிகிற வீடியோ ஆயிரம் மடங்கு மேல்.

நீளத்தையும் பாருங்கள். 2014-ல் பிலிப் குவோ முதலானோர் 'எட்எக்ஸ்' என்ற இணையப் பாடசாலையில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட கணக்கை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும் நடுத்தரமான ஆசாமி ஆறு நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. 'பன்னிரண்டு மணி நேரத்தில் முழு பைத்தான்' என்று தலைப்பு வைத்த வீடியோவைச் சேமித்து வைத்திருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

இதைப் புரிந்து கொண்டு செய்தது போல ஒரு ஏற்பாடு பம்பாய் ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. 'ஸ்போக்கன் டுடோரியல்' என்று பெயர். கண்ணன் மௌத்கல்யா என்ற பேராசிரியர் தலைமையில் நடந்த காரியம். அவர் கெமிக்கல் இன்ஜினீயரிங் புரொபசர் என்பது தமாஷ். ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிஷம். தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள். காசு கிடையாது. திரையின் ஒரு பாதியில் பாடம், மறு பாதியில் உங்கள் புரோகிராம். அவர் ஒரு வரி அடித்தால் நிறுத்தி நீங்களும் அடிக்க வேண்டும். இதுதான் அவர்கள் முறை. இன்னொன்று, பேசுகிற வசனம் முழுவதும் எந்த நிமிஷத்தில் எந்த வரி என்ற கணக்கோடு எழுத்திலும் கிடைக்கிறது. பார்க்கிறவர் பார்க்கலாம், படிக்கிறவர் படிக்கலாம். இப்படி வசனம் கையில் கிடைக்கிற வீடியோவாகத் தேடிப் பிடியுங்கள்.

கொஞ்சம் கண்டிப்பான வாத்தியார் வேண்டுமா? ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இருக்கிறது. சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் அதில் பிரசித்தம். பாடம் இலவசம், சர்டிபிகேட்டுக்குப் பரீட்சை எழுதினால் மட்டும் கட்டணம். அங்கே சரக்கு வீடியோவில் இல்லை, வாராவாரம் கொடுக்கிற வீட்டுப்பாடத்தில் இருக்கிறது. அதைச் செய்யாமல் வீடியோ மட்டும் பார்ப்பது, ஓட்டலில் மெனு கார்டைப் படித்துவிட்டு எழுந்து வருவதுபோல.

'எல்லாம் சரி சார், என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு' என்கிறீர்களா? பாதிப் பேர் நிலைமை அதுதான். 2016-ல் ஜியோ வந்த பிறகு வீடியோ பார்க்கும் செலவு குறைந்து எல்லாரும் போனில் படிக்க ஆரம்பித்தார்கள். போன் திரையில் ஒரு பக்கம் வாத்தியார், ஒரு பக்கம் புரோகிராம் என்று வைத்தால் இரண்டுமே எறும்பு சைஸ். அதனாலேயே அவரைப் பெரிசாக்கி, நம் புரோகிராமை மறந்துவிடுகிறோம். போனில் 'பைட்ராய்டு 3' மாதிரி ஒரு செயலியைப் போட்டால் பைத்தான் ஓடும், முதல் மாதத்துக்கு அது போதும். அதற்குள் அக்கம்பக்கம் விசாரியுங்கள். 2011-லிருந்து சில வருஷம் பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் சித்தப்பா வீட்டுப் பரணில் ஒன்று தூங்கிக் கொண்டிருக்கலாம். பேட்டரி செத்திருக்கும், கவலைப்படாதீர்கள். சார்ஜரைச் செருகியபடியே லினக்ஸ் போட்டால் பைத்தானுக்கு அது தாராளம். 'அது எதுக்குடா ஒனக்கு?' என்று சித்தப்பா கேட்பார். 'புரோகிராமிங்' என்று சொன்னால் 'எந்த சேனல்ல?' என்பார். பொறுத்துக் கொள்ளுங்கள்.

புதிதாக ஒரு வாத்தியாரும் ஊருக்குள் வந்திருக்கிறார். 2022 நவம்பரில் வந்த சாட் ஜி.பி.டி.யும் அதன் பங்காளிகளும். கேட்டால் புரோகிராமையே எழுதிக் கொடுக்கிறார்கள். எழுத்தில்தான் கொடுக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அதில் 10 இருக்க வேண்டிய இடத்தில் 11-ஆ, 11 இருக்க வேண்டிய இடத்தில் 10-ஆ என்று படித்துக் கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் இனி சம்பளம். எழுதித் தரச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதைக் காட்டி, 'எழுபது ஏன் வரலை?' என்று தமிழிலேயே கேளுங்கள். பதில் சொல்லும்.

கேட்பதற்கு முன்னால் திரையில் வந்திருக்கும் சிவப்பு எழுத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். அதைக் கண்டதும் வீடியோவுக்கு ஓடுவதுதான் நம் வழக்கம். பைத்தானின் திட்டை மேலிருந்து படித்தால் தலை சுற்றும். கடைசி வரியிலிருந்து படிக்க வேண்டும். என்ன தப்பு என்பது அங்கேதான் இருக்கும், எத்தனாவது வரி என்பது அதற்கு மேலே. 'பிரிண்ட்' என்பதை அவசரத்தில் எழுத்து மாற்றி அடித்துவிட்டால், 'இப்படி ஒரு பேர் எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டு, புதிய பதிப்புகளில் கூடவே, 'பிரிண்ட் என்று சொல்ல வந்தீர்களா?' என்றும் கேட்கிறது. விண்ணப்பத்தில் எழுத்துப் பிழை விட்டவனிடம் இத்தனை மரியாதையாகக் கேட்கிற ஆபீஸ் கவுண்டர் நம் ஜில்லாவில் எங்கே இருக்கிறது?